பதினெட்டில் ஒரு பங்கு: ஒரு பழைய கிதாரும் நான்கு பாடவேளைகளும்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'அலைகள்' பாடத்தை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கும். சுரமானியை மேசைமேல் வைத்துக் கம்பியை அதிரவைத்தால் மாணவர்கள் பார்ப்பார்கள், அளவெடுப்பார்கள், வாய்ப்பாட்டில் பொருத்தி விடையும் எழுதுவார்கள். "இது எதற்கு?" என்ற கேள்வி மட்டும் அவர்கள் முகத்தில் அப்படியே இருக்கும். சென்ற ஆண்டு அதற்கான விடை ஒரு பழைய எலக்ட்ரிக் கிதாரோடு வகுப்பறைக்குள் வந்தது.

கலைத் திருவிழாவுக்காக எங்கள் மாணவர்கள் ஒரு கிதார் கேட்டிருந்தார்கள். என் கையில் இருந்த தொகைக்குப் புதிய கிதாரும் அதற்கான ஒலிபெருக்கியும் சேர்த்து வாங்க முடியாது. பழையது தேடியபோது, மெல்லிசைக் குழுவில் பல ஆண்டுகள் வாசித்து ஓய்ந்த ஒருவர் தம் கிதாரைக் கொடுக்க விரும்புவதாகத் தெரிந்தது. ஒலிபெருக்கியுடன் 9,000 ரூபாய் சொன்னார். கிதாரில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. "எங்க அண்ணன் செஞ்சது சார். தச்சு வேலை. கடைக் கிதார் வாங்க வசதியில்லாத காலத்துல எனக்காகச் செஞ்சு கொடுத்தார். அவர் இப்ப இல்ல" என்றார்.

"ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க" என்றும் சொன்னார். அந்த ஒரு வாரத்தை வகுப்பின் ஆய்வு வாரமாக்கிக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றேன்.

பெயர்ப் பலகை இல்லாத கருவி

தொழிற்சாலைக் கிதாரை வாங்குபவர் அதன் பெயரையும் மாதிரி எண்ணையும் நம்பி வாங்கலாம். அளவுகள் முன்பே அச்சாகியிருக்கும். கையால் செய்த கிதாருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வோர் அளவையும் நாமே எடுத்துப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். அதனாலேயே அது வகுப்பறைக்கு ஏற்ற பொருள் என்று தோன்றியது.

"கையால செஞ்சதுன்னா மட்டமா இருக்குமோ சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே பற்றிச் சொன்னேன். பள்ளி மாணவராக இருந்த அவர் 1963 இல் தம் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். தந்தை மின்னணுப் பொறியாளர். கிதாரின் கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்ட மரத்தை எடுத்தார்கள். மரத்தில் இருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்வில்களும் அதில் பயன்பட்டன. உலக மேடைகளில் அவர் வாசித்தது அந்தக் கிதாரைத்தான். 2007 இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆகவே கையால் செய்தது என்பதை வைத்து நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவு செய்ய முடியாது, அளந்தால்தான் தெரியும் என்று வகுப்பைத் தொடங்கினோம்.

முதல் பாடவேளை: கழுத்தும் காதும்

கிதாரில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. ஆறு தந்திகளும் சேர்ந்து அதை எவ்வளவு விசையுடன் இழுக்கின்றன என்று கணக்கிடச் சொன்னேன். மிக மெல்லிய தந்தியின் விட்டம் ஏறத்தாழ 0.25 மி.மீ., ஒரு மீட்டர் தந்தியின் நிறை ஏறத்தாழ 0.4 கிராம், அதிரும் நீளம் 648 மி.மீ., அதிர்வெண் 330 ஹெர்ட்ஸ். பாடத்தில் உள்ள வாய்ப்பாட்டில் இவற்றைப் பொருத்தினால் இழுவிசை ஏறத்தாழ 73 நியூட்டன் வரும். ஒரு தந்தியே ஏழரைக் கிலோ எடை தொங்குவதுபோல் இழுக்கிறது. இந்த வகைத் தந்திகள் ஆறும் சேர்ந்தால் ஏறத்தாழ 45 கிலோ. "சிமெண்ட் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி சார்" என்றார் ஒரு மாணவர். அதைப் பல ஆண்டுகள் தாங்கிய மரம் வளையாமல் இருக்கிறதா என்பதே முதல் சோதனை.

இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. இழுத்துக் கட்டிய கம்பி நேர்கோடு என்பதால் தந்தியையே அளவுகோலாகக் கொள்ளலாம். தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாம் மெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு அஞ்சலட்டையின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கலாம், தந்தி மெட்டில் உரசி இரையும். இடைவெளி பெரிதென்றால் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது. எங்கள் கிதாரில் அஞ்சலட்டை சற்றே இறுக்கமாக நுழைந்தது. கழுத்தும் உடலும் சேரும் இடத்திலும், தலைப்பகுதி வளையும் இடத்திலும் விரிசல் இருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பார்த்தோம். இல்லை. முதல் மூன்று மெட்டுகளில் மட்டும் தந்தி உரசிய பள்ளங்கள் தெரிந்தன. நிறைய வாசிக்கப்பட்ட கருவி என்பதற்கு அது சான்று.

அடுத்தது காதுச் சோதனை. தந்தியின் நடுப்புள்ளியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால் அங்கே ஒரு கணு உண்டாகி, அதிர்வெண் இரு மடங்காகும். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வர வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து மீட்டினோம். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர், "அழுத்தினா கொஞ்சம் இறங்குது சார்" என்றார். மற்றவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி அந்த மாணவி சொன்னதையே காட்டியது: 8 சென்ட் குறைவு. இது நிலத்துச் சென்ட் அல்ல. அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடையிலான தூரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்.

இரண்டாம் பாடவேளை: அளவுகோலும் தொடர்வரிசையும்

ஏன் இறங்குகிறது? இந்தக் கேள்விக்கு மாணவர்கள் பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்வரிசை தேவைப்பட்டது.

ஒரு ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள். கிதாரில் ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வெண் ஒரே விகிதத்தில் உயர வேண்டும். பன்னிரண்டு முறை உயர்ந்தபின் இரு மடங்காக வேண்டும். எனவே தந்தியின் எஞ்சிய நீளம் ஒவ்வொரு மெட்டிலும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டுப் பன்னிரண்டாவதில் பாதியாக வேண்டும். அந்த எண் 0.9439. 648 மி.மீ. தந்திக்குப் பன்னிரண்டாம் மெட்டில் எஞ்ச வேண்டியது 324 மி.மீ.

அரை மி.மீ. வரை அளக்கும் எஃகு அளவுகோலால் ஐந்து குழுக்கள் தனித்தனியே அளந்தன. ஒரு குழு எழுதியதை மற்றொரு குழு பார்க்கக் கூடாது என்பது விதி. ஐந்து குழுக்களின் அளவுகளும் ஏறத்தாழ ஒத்துவந்தன. எஞ்சிய நீளங்கள் 648, 612, 578, 546 என இறங்கிச் சென்றன. பன்னிரண்டாம் மெட்டில் 326.5 மி.மீ. எஞ்சியது. அதாவது அந்த மெட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு 2.5 மி.மீ. முன்னதாகவே பதிக்கப்பட்டிருந்தது.

"செஞ்சவர் தப்பா அளந்துட்டார்" என்று வகுப்பு உடனே தீர்ப்பு சொல்லிவிட்டது. கை தவறியிருந்தால் பிழை சில மெட்டுகளில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். பட்டியலை மறுபடி பார்த்தார்கள். பிழை எல்லா மெட்டிலும் ஒரே திசையில் இருந்தது. முதல் மெட்டில் கண்ணுக்கே தெரியாத அளவு, பிறகு சீராகப் பெருகிக்கொண்டே போனது. பின்வரிசையில் வழக்கமாகப் பேசாத ஒரு மாணவர் எழுந்து, "சார், 648 இலிருந்து 612 கழிச்சா 36. அது 648 இல் பதினெட்டில் ஒரு பங்கு. 612 இலிருந்து 578 கழிச்சா 34. அதுவும் 612 இல் பதினெட்டில் ஒரு பங்கு" என்றார்.

வகுப்பு அமைதியானது. ஒவ்வொரு முறையும் மீதி நீளத்தைப் பதினெட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளியிருக்கிறார் அந்தத் தச்சர். 17 வகுத்தல் 18 என்பது 0.9444. சரியான எண் 0.9439. வேறுபாடு நான்காம் தசம இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதையே பன்னிரண்டு முறை பெருக்கினால் பாதிக்குப் பதில் 0.5036 வருகிறது. 648 ஆல் பெருக்கினால் 326.4 மி.மீ. மாணவர்கள் அளந்தது 326.5.

இது அவர் கண்டுபிடித்த தவறு அல்ல. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலெய் ஓர் இசைக் கலைஞர். 1581 இல் வெளியிட்ட இசை நூலில், லூட் என்ற நரம்புக் கருவிக்கு 18-க்கு 17 என்ற இந்த விகிதத்தைத்தான் அவர் சொன்னார். மடக்கை அட்டவணை வருவதற்கு முந்தைய காலம் அது. தச்சுப் பட்டறையில் கவராயத்தால் எளிதில் பிரிக்கக்கூடிய பின்னம் என்பதால் கருவி செய்வோர் அதை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள்.

வீணையை இங்கே ஒப்பிட்டுக் காட்டினேன். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுப் படுகையில் பதிக்கப்படுகின்றன. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக் காதால் சரிபார்க்கலாம். கிதாரில் மரத்தை அறுத்து மெட்டை அடித்து இறக்கிவிடுவதால் பிறகு நகர்த்த முடியாது. அறுப்பதற்கு முன் போடும் கணக்குதான் கருவியின் சுருதியைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் பாடவேளை: காந்தமும் சுருளும்

எலக்ட்ரிக் கிதாரின் தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் சேர்ந்தது. காந்தம் எஃகுத் தந்தியைக் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது, சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் 1931 இல் செய்து, 1937 இல் காப்புரிமை பெற்ற கிதாரும் இந்தத் தத்துவத்தில்தான் இயங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் வரப்போகும் மின்காந்தத் தூண்டலுக்கு இது நல்ல முன்னோட்டம்.

ஒரு தந்தியின் பக்கத்தில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி மீட்டினோம். காதருகே வைத்தால் ஒலி கேட்கிறது, ஒலிபெருக்கியில் எதுவும் இல்லை. எஃகுத் தந்தியைத் தொட்டதும் அறை அதிர்ந்தது. "அப்போ இது மரத்தோட சத்தத்தைக் கேக்கலை, கம்பியோட அசைவைத்தான் கேக்குது" என்று ஒரு மாணவி சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன்.

பிறகு மல்டிமீட்டரை மின்தடைக்கு வைத்து இரு பிக்கப்களையும் தனித்தனியே சோதித்தோம். இவ்வகைச் சுருள்களில் பொதுவாகச் சில கிலோ ஓம் மின்தடை இருக்கும். ஒன்று 6.3 கிலோ ஓம் காட்டியது. மற்றொன்றில் அளவே இல்லை, எங்கோ சுற்று அறுந்திருக்கிறது. திறந்து பார்க்கலாமா என்று மாணவர்கள் துடித்தார்கள். இன்னும் நம்முடையதாகாத பொருளைத் திறக்கக் கூடாது என்று தடுத்தேன்.

இந்தப் பாடவேளையில் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது. கிதாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஒலிபெருக்கியின் புவி இணைப்போடு சேர்ந்திருக்கும். ஒலிபெருக்கி பழுதாகி, புவி இணைப்பும் இல்லாவிட்டால் வாசிப்பவர் கை மின்சாரத்தைத் தொடும். எனவே பழைய ஒலிபெருக்கியை மின்பணியாளரிடம் காட்டிய பின்பே வகுப்பில் பயன்படுத்தினோம். புவி இணைப்பு உறுதி செய்யப்பட்ட மூன்று துளை இணைப்பில் மட்டுமே பொருத்தினோம். இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், மாணவர்களிடம் விடக் கூடாது.

நான்காம் பாடவேளை: சொல்வதா, வேண்டாமா?

மெட்டை நகர்த்த முடியாது, ஆனால் பிரிட்ஜை நகர்த்தலாம். வீணையில் நாம் குதிரை என்று சொல்லும் இடம் அது. இந்தக் கிதாரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித் தாங்கியும் அதன் பின்னால் ஒரு திருகும் இருந்தன. பன்னிரண்டாம் மெட்டு 321.5 மி.மீ. தொலைவில் இருக்கிறது. அது நடுப்புள்ளியாக வேண்டுமானால் தந்தியின் நீளம் 643 மி.மீ. ஆக வேண்டும். தாங்கியை 5 மி.மீ. முன்னே கொண்டுவந்தால் போதும் என்று மாணவர்கள் கணக்கிட்டார்கள். இடையில் உள்ள மெட்டுகளுக்கும் சரிபார்த்தார்கள். பன்னிரண்டாம் மெட்டு வரை எதுவும் கால் மி.மீ. அளவுக்கு மேல் விலகவில்லை. பழுதுபார்க்க ஒரு ரூபாயும் செலவில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "சார், சுருதி தப்புன்னு மட்டும் சொன்னா பாதி விலைக்குக் கொடுத்துடுவார். திருகைத் திருப்பினா சரியாகும்னு ஏன் சொல்லணும்?"

கேட்டவரைக் கண்டிக்கவில்லை. அந்த எண்ணம் எனக்கும் வந்திருந்தது. வகுப்பிலேயே விவாதிக்கச் சொன்னேன். விலை பேசுவது வாங்குபவரின் உரிமை என்றார் ஒருவர். நாம் அளந்தது நம் உழைப்பு என்றார் மற்றொருவர். "அவர் நம்பித்தானே ஒரு வாரம் கொடுத்தார்" என்ற குரலுக்குப் பிறகு விவாதம் நீளவில்லை. அளவுகள் முழுவதையும் ஒரே தாளில் எழுதுவது, குறையையும் தீர்வையும் சேர்த்தே எழுதுவது, அவரைப் பள்ளிக்கு அழைத்து அதைக் கொடுப்பது என்று முடிவானது.

மறுநாள் வந்தார். மாணவர்கள் கரும்பலகையில் விளக்கினார்கள். பதினெட்டில் ஒரு பங்கு என்றதும் அவர் நிமிர்ந்தார். "அண்ணன் அதத்தான் சொல்லுவார். 'மிச்சத்தப் பதினெட்டாப் பங்கு போட்டு ஒண்ணத் தள்ளுடா'ன்னு. நான்தான் அளவு பிடிச்சேன்." அவர் அனுமதியுடன் தாங்கிகளை நகர்த்தினோம். மெல்லிய தந்திக்குக் கணக்கின்படி 5 மி.மீ. தேவை. ஆனால் 3 மி.மீ. நகர்ந்ததுமே சுருதி சேர்ந்துவிட்டது. மெட்டில் அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு, இழுவிசை கூடி, அதிர்வெண் தானாகவே கொஞ்சம் உயர்கிறது. நம் கணக்கில் விரல் இல்லை. கணக்குக்கும் கருவிக்கும் இடையில் மீந்த அந்த 2 மி.மீ. பற்றி அன்று மாணவர்கள் கேட்ட கேள்விகளே எனக்குக் கிடைத்த சிறந்த மதிப்பீடு.

அவர் கிதாரை வாங்கிப் பன்னிரண்டாம் மெட்டைத் தாண்டி ஒரு பாட்டின் இடையிசையை வாசித்தார். நிறுத்திவிட்டு, "மேல போனா எப்பவும் ஒட்டாது சார். குழுவுல கிண்டல் பண்ணுவாங்க. இத்தன வருஷமா என் காதுதான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

விலையில் அவரே பேச்சைத் தொடங்கினார். அறுந்த பிக்கப்பைச் சரிசெய்ய ஆகும் செலவுக்காக 1,000 ரூபாய் குறைத்துக்கொண்டு 8,000 பெற்றார். அளவுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு திறந்து பார்த்தபோது சுருள் நன்றாகவே இருந்தது, முனைக் கம்பியின் பற்றவைப்பு மட்டும் விட்டிருந்தது. அதைத் தொலைபேசியில் சொல்லி 1,000 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். பிள்ளைகளுக்குத் தந்தி வாங்கிப் போடச் சொல்லிவிட்டார்.

உங்கள் வகுப்பறையில்

இதற்குக் கிதார்தான் வேண்டும் என்பதில்லை. சுரமானியின் கம்பிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஒரு குழுவை 0.9439 ஆலும் மற்றொரு குழுவை 17/18 ஆலும் பன்னிரண்டு கோடுகள் போடச் சொல்லலாம். இரு தாள்களையும் பக்கத்தில் வைத்தால், முதல் கோட்டில் தெரியாத பிழை கடைசிக் கோட்டில் கண்ணுக்குத் தெரியும். ஊரில் வீணையோ வேறு தந்திக் கருவியோ வைத்திருப்பவர் இருந்தால் அழைக்கலாம். எந்தப் பொருளானாலும் மூன்று பழக்கங்களைக் கடைப்பிடிக்கச் செய்தால் போதும்: குழுக்கள் தனித்தனியே அளப்பது, பிழை எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பது, குற்றம் சொல்லும் முன் செய்தவர் எந்த விதியைப் பின்பற்றினார் என்று தேடுவது.

மூன்றாவது பழக்கம் எனக்கே தேவைப்பட்டது. பதினெட்டில் ஒரு பங்கைக் கண்டுபிடித்த அந்தப் பின்வரிசை மாணவர், "எனக்குக் கணக்கு வராது சார்" என்று ஆண்டின் தொடக்கத்தில் என்னிடம் சொன்னவர். நானும் அதை நம்பி, அதுவரை அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்போது அவருடைய விடைத்தாளில் தவறு வந்தால், அடுத்த தவறும் அதே திசையில் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிவப்பு மையைத் தொடுகிறேன். பெரும்பாலும் அங்கே ஒரு விதி இருக்கிறது. எங்கோ, யாரோ சொல்லிக்கொடுத்த விதி. சில நேரங்களில் அது நான் சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கிறது.